ஆலம்பரைக் கோட்டைக்கு சிமெண்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன்னால் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஆலம்பரைக் கோட்டையைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். இடிந்து கிடக்கிற சுவர்களை எல்லாம் சிமெண்ட் வைத்துப் பழையபடி எழுப்பி, வெள்ளையடித்து, விளக்குப் போட்டு சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. நான் 48 வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன். இப்போது வயது 70. முட்டி போய்விட்டதால் சாரம் ஏறுவதில்லை, அவ்வளவுதான். சுவரைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் வாய் சும்மா இருக்காது.

ஆனாலும் பார்க்காத சுவருக்குப் பதில் எழுதக்கூடாது இல்லையா. நான் இருப்பது மதுராந்தகம் பக்கம். கோட்டை ஒன்றும் வெளிநாட்டில் இல்லை. இருந்தும் இத்தனை வருஷத்தில் நான் அங்கே போனதே கிடையாது. வேலை நடக்கிற ஊருக்குப் போவோம், கல்யாணம் காட்சிக்குப் போவோம், சும்மா ஒரு ஊரைப் பார்க்கப் போகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் குறைவு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியையும் பேரனையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பேத்தி கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். பேரன் பத்தாவது முடித்துவிட்டுப் போனும் கையுமாக இருக்கிறான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி, மரக்காணத்துக்கு முன்னால் கடப்பாக்கம். அங்கே இறங்கிக் கடல் பக்கமாகத் திரும்பினால் பனைமரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரத்தில் கோட்டை வந்துவிடுகிறது. செஞ்சிக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். மலை கிடையாது, கருங்கல் மதில் கிடையாது. கழிமுகத்தின் கரையில் அங்கங்கே செங்கல் சுவர்கள் தனித்தனியாக நிற்கின்றன. எதிரே கழித் தண்ணீர், அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். பேரன் பார்த்துவிட்டு, "இதுக்கா தாத்தா பஸ் மாறி வந்தோம்?" என்றான்.

நடந்துகொண்டே பேத்தி கதை சொன்னாள். ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலிகான் காலத்தில் இது துறைமுகக் கோட்டையாக இருந்திருக்கிறது. சரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் இங்கிருந்து கப்பல் ஏறின. படகுத்துறை ஒன்று தண்ணீருக்குள் நீண்டு இருந்ததாம். நாணயம் அடிக்கிற சாலையும் இருந்தது. ஆலம்பரை வராகன் என்று இந்த ஊர் பேரிலேயே காசு புழங்கியிருக்கிறது. 1750இல் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டியூப்ளே செய்த உதவிக்காக, ஐதராபாத் நிஜாம் பட்டத்துக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். பத்து வருஷம்தான். 1760 ஜனவரியில் வந்தவாசிச் சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள், அதே வருஷம் ஆங்கிலேயர் இங்கே வந்து கோட்டையைப் பிடித்து உடைத்துப் போட்டார்கள். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது, அதையும் தரைமட்டமாக்கினார்கள். இவ்வளவும் அவள் சொல்லி எனக்குத் தெரிந்தது. இனிமேல் எழுதுவது என் கண்ணால் பார்த்தது.

முதலில் செங்கல். இப்போது சூளையில் வாங்குகிற கல் மூன்று அங்குலத் தடிப்பு இருக்கும். அங்கே இருப்பது அதில் பாதிகூட இல்லை, தட்டைக் கல். நான் சின்னப் பையனாக இருந்தபோது பழைய வீடுகளைப் பிரிக்கையில் இந்த மாதிரிக் கல்லை அடுக்கி வைத்திருக்கிறேன். கல் மெலிசு, நடுவே இருக்கிற சாந்து கனம். சில இடத்தில் கல்லும் சாந்தும் ஒரே தடிப்பாக இருக்கின்றன. இப்போது எந்த மேஸ்திரியாவது இப்படிக் கட்டினால் இன்ஜினியர் வேலையை நிறுத்திவிடுவார். சிமெண்டுக்கு அது சரி. சுண்ணாம்புக்கு அது கணக்கு வேறு. தட்டைக் கல் உள்ளே நன்றாக வேகும், கனமான சாந்து சுவரின் அசைவை எல்லாம் தான் வாங்கிக்கொள்ளும்.

சாந்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இல்லை, பழுப்பு. அதில் கடுகளவு, மிளகளவு கரித்துண்டுகள். ஒரு இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிளிஞ்சல் ஓடு ஒன்று, அதன் கோடுகூட அழியாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுடுவார்கள். சரியாக வேகாத ஓடு சல்லடையில் நிற்க வேண்டும், இது சல்லடையையும் தாண்டி வந்துவிட்டது. அன்றைக்கு யாரோ அவசரப்படுத்தியிருக்கிறான். எங்கள் வேலையில் அவசரப்படுத்துகிறவன் இல்லாத நாள் ஏது?

அப்புறம் ஒரு காரியம் செய்தேன், பேத்தி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். உதிர்ந்து கிடந்த சாந்தில் ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். "தாத்தா கோட்டையைத் தின்கிறார்" என்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மணலை நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம், எங்களுக்கு அதுதான் பரிசோதனைக் கூடம். கரித்தது. கரிக்காமல் எப்படி இருக்கும்? கழித் தண்ணீர் அடியிலிருந்து ஏறுகிறது, காற்று மேலேயிருந்து உப்பைக் கொண்டுவந்து அப்புகிறது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சுவர் உப்பைத் தின்றுகொண்டு நிற்கிறது.

அங்கே ஒரு உயரமான சுவரில், ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் இருந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றிருந்தது. கூட வந்த இளைஞர் ஒருவர், பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டை என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர், இல்லை, துப்பாக்கி நீட்டிச் சுடுகிற ஓட்டை என்றார். நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "தம்பி, அது சாரக் கம்பு செருகின ஓட்டை" என்று சொல்லிவிட்டேன். சுவர் உயர உயர, குறுக்குக் கம்பைச் சுவருக்குள்ளேயே செருகி, அதன் மேல் பலகை போட்டு நின்று கட்டுவார்கள். வேலை முடிந்ததும் கம்பை உருவிவிட்டு ஓட்டையை அடைத்துப் பூசுவார்கள். பூச்சு போனதும் அடைத்தது விழுந்து ஓட்டை தெரிகிறது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று என் பேரன் எட்டு வைத்துப் பார்த்தான். ஒரு ஆள் உட்கார்ந்து எட்டுகிற தூரம். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் ஒரு ஆள் நின்று கட்டுகிற உயரம். பீரங்கிக்கு இந்த அளவெல்லாம் தெரியுமா? அந்த இளைஞருக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது. பீரங்கிக் கதை கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

பேரன் அதற்குப் பிறகுதான் போனைப் பையில் வைத்தான்.

தண்ணீர்ப் பக்கம் போனால் சுவர்த் துண்டுகள் பாறை மாதிரிச் சாய்ந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டி அளவு. கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். விழுந்தபோது செங்கல் செங்கலாகச் சிதறவில்லை. மொத்தத் துண்டாகவே பெயர்ந்து விழுந்திருக்கிறது, வரிகூடக் கலையாமல். 1760இல் உடைத்தவர்கள் பாதி வேலை பார்த்தார்கள், அடிமண்ணை அரித்து மீதியைத் தண்ணீர் பார்த்தது என்று நினைக்கிறேன். 2004 சுனாமியை இந்தக் கரை முழுக்கப் பார்த்திருக்கிறது. இத்தனைக்கும் அப்புறம் சாந்து விடவில்லை. இப்போது நாம் வாங்குகிற போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினதே 1824இல்தான் என்று பேத்தி போனில் தேடிச் சொன்னாள். கோட்டையை உடைத்து 64 வருஷம் கழித்து.

இந்தச் சாந்து எப்படி வந்தது என்று நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் கடிதம் எழுதியவர் நினைப்பது போல, கடையில் மூட்டை வாங்கி அன்றைக்கே குழைக்கிற சமாச்சாரம் இல்லை அது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் தாய்மாமா. பதினோரு வயதில் என்னை முதலில் விட்டது சுண்ணாம்பு அரைக்கிற செக்கில். வட்டமாகக் குழி வெட்டி, அதில் உருளைக் கல் ஓடும். மாடு சுற்றும். நான் மாட்டுக்குப் பின்னாலேயே சுற்றுவேன். கழியில் வாரிய கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணீர் தெளித்தால் அது புகைந்து பூவாகப் பொரியும். பக்கத்தில் நின்றால் முகம் காந்தும். நீற்றின சுண்ணாம்பைக் குழியில் போட்டு மேலே தண்ணீர் நிற்க விட்டு வாரக் கணக்கில் மூடி வைப்பார்கள். அதை எடுத்து மணலோடு செக்கில் அரைக்க வேண்டும். கடுக்காயை உடைத்துத் தொட்டியில் ஊறப் போட்டு, வெல்லம் கரைத்து, அது புளித்து நுரை கட்டி வாடை வருகிற பக்குவத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றி அரைப்போம். வெல்லத்தைத் திருடித் தின்றதற்காக மாமா என்னைக் கரணைக் காம்பால் போட்ட அடி இன்னும் நினைவிருக்கிறது.

சரி, இதெல்லாம் எப்போது நின்றது? என் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு காலத்தில் சிமெண்ட் அரசாங்க பர்மிட்டில்தான் கிடைத்தது. பாலம், அணை, பெரிய கட்டடம் என்றால் கிடைக்கும், ஊரில் வீடு கட்டுகிறவன் அலைய வேண்டும். அதனால் கிராமத்துப் பக்கம் சுண்ணாம்பு பிழைத்துக் கிடந்தது. 1982இல் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள், 1989இல் முழுசாக எடுத்துவிட்டார்கள். சிமெண்ட் மூட்டை பெட்டிக்கடை வரைக்கும் வந்தது. எங்கள் பக்கத்துக் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மாமாவின் செக்குக் கல்லை யாரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற இடத்தில் புரட்டிப் போட்டுவிட்டார்கள். நானும் மாறினேன். குற்றம் சொல்லவில்லை, சிமெண்டில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள்.

இப்போது எழுதப்போவதை என் மகனிடம்கூட விலாவாரியாகச் சொன்னதில்லை. தொண்ணூறுகளில் ஒரு பெரிய பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வேலை எனக்கு வந்தது. ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். கடலுக்குப் பக்கத்து ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவர். அடியில் இரண்டு முழ உயரத்துக்கு ஈரம் ஏறிப் பூச்சு உதிர்ந்திருந்தது. வீட்டுக்காரர் சிமெண்ட் பூசிவிடலாமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாமாவிடம் படித்தவன் நான். ஆனால் சிமெண்டில் வேலை சுளுவு, நாலு நாளில் முடிந்துவிடும், கூலியும் கைக்கு வரும். பழைய பூச்சைக் கொத்திவிட்டுக் கெட்டியாகச் சிமெண்ட் கலவை பூசிக் கண்ணாடி மாதிரித் தேய்த்துக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்கு ரொம்ப சந்தோஷம், வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மழை போனது. ஆள் விட்டுக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ஈரம் நான் பூசின உயரத்தைத் தாண்டி ஆள் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. என் சிமெண்ட் பூச்சைத் தட்டினால் டொப் டொப் என்கிறது. ஒரு இடத்தில் கரணையை விட்டு நெம்பினேன். பூச்சு பலகை மாதிரிக் கழன்று வந்தது, கூடவே செங்கல்லின் முகமும் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே கல் இல்லை. மாவு. கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிறது. நூறு வருஷம் நின்ற சுவரை மூன்று வருஷத்தில் கெடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நடந்தது இதுதான். பழைய சுவருக்கு மூச்சு உண்டு. தரையிலிருந்து ஈரம் ஏறும், உப்பையும் சேர்த்துக் கொண்டு ஏறும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு சாந்தின் மேல் பூத்து, சாந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். உதிரட்டும், அதற்குத்தான் சாந்து. அதைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தால் சுவர் தப்பித்தது. சிமெண்ட் வைத்தால் அந்த வாசல் அடைபடுகிறது. ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். உப்பு செங்கல்லுக்கு உள்ளே உறைந்து அதைப் பொடிக்கிறது. கடற்கரை ஊர்களில் பழைய மதில்களைக் கவனித்துப் பாருங்கள். சில இடத்தில் செங்கல் இருந்த இடமெல்லாம் குழியாகி, சந்தில் வைத்த சிமெண்ட் மட்டும் தேன்கூடு மாதிரி நிற்கும். சிமெண்ட் கெட்டி என்று அதைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லைத் தின்றதே அதுதான்.

ஆலம்பரையில் அதைச் செய்யச் சொல்லி உங்கள் வாசகர் கேட்கிறார். அங்கே உப்பு நான் கெடுத்த அந்த வீட்டைவிடப் பல மடங்கு.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைப் புதுப்பிக்கவில்லையா என்று கேட்கலாம். அது வேறு கதை. 1620இல் கட்டினது, 1845இல் டேனிஷ்காரர்கள் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஊரோடு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். விலைக்கு வாங்கினதை எவனும் இடிக்க மாட்டான். கோட்டை முழுசாகக் கைமாறியது. ஆலம்பரையைச் சண்டையில் பிடித்து உடைத்தார்கள். இங்கே உடைந்து கிடப்பதுதான் நடந்த கதை. சாய்ந்து கிடக்கிற துண்டை எடுத்து நிமிர்த்தி, மேலே புதுக் கல் வைத்து, காரை பூசி நிறுத்தினால் அது யார் கட்டின கோட்டை? மூலத்தில் எப்படி இருந்தது என்று யாரைக் கேட்டுக் கட்டுவது? எனக்குப் படம் வரைந்து கொடுத்தால் எதையும் கட்டிவிடுவேன். வரைகிறவர் எதைப் பார்த்து வரைவார் என்பதுதான் என் கேள்வி.

அதற்காக அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. செய்ய வேண்டியது சின்ன வேலை, ஆனால் வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. சுவர்களின் தலை திறந்து கிடக்கிறது. மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது. அந்தத் தலைக்கு மட்டும், தண்ணீர் நிற்காமல் வழிகிற மாதிரி வாட்டம் கொடுத்து, சுண்ணாம்புச் சாந்தும் செங்கல் ஜல்லியும் போட்டு மூட வேண்டும். அடியில் சாந்து கரைந்து கல் ஆடுகிற இடங்களில் அதே மாதிரிச் சாந்தைச் செருக வேண்டும். புதுச் சாந்து பழையதைவிடக் கெட்டியாக இருக்கக்கூடாது. இதை எல்லோரும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். ஒட்டுப் போடுகிற துணி பழைய வேட்டியைவிட முரடாக இருந்தால் வேட்டிதான் கிழியும், வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். மணல் கடற்கரையில் அள்ளக்கூடாது, அதையும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பக்கத்தில்தானே கிடக்கிறது என்று கை போகும்.

ஒரு சுவரின் உச்சியில் அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. இரண்டு இலை விட்ட உடனே பிடுங்கியிருந்தால் விரலோடு போயிருக்கும். இப்போது அதை இழுத்தால் பத்து கல் சேர்ந்து வரும். அடியோடு அறுத்து, மறுபடி துளிர்க்கத் துளிர்க்க அறுத்து, வேரைச் சாகவிட வேண்டும். மாமா அறுத்த இடத்தில் பெருங்காயத்தைக் குழைத்து அப்புவார். அது பலித்ததா, அவர் திரும்பத் திரும்பப் போய் அறுத்தது பலித்ததா, எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

பெயர் கீறுகிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சுண்ணாம்புப் பூச்சு காற்றைக் குடித்துக் குடித்து மேல்தோல் மட்டும் கல்லாக இறுகியிருக்கும். உள்ளே அதைவிட மிருது. ஆணியால் அந்தத் தோலைக் கீறிவிட்டால் உப்புக் காற்று அந்த வழியாகப் புகுந்து பின்பக்கம் அரிக்கும். கீறினவர் கல்யாணமாகிக் குழந்தையோடு வந்து தன் பெயரைக் காட்டலாம் என்று நினைக்கிறார். அதற்குள் அந்தப் பூச்சே விழுந்திருக்கும். ஒரு நல்ல பூச்சுத் துண்டு, உள்ளங்கை அகலத்துக்கு, இன்னும் வழவழப்புப் போகாமல் ஒரு மூலையில் இருக்கிறது. எங்கே என்று எழுத மாட்டேன்.

இன்னொன்று, அங்கே இது இன்னது என்று நின்று படிக்கிற மாதிரி, சுவர் சுவராகச் சொல்லி வைத்தால் நல்லது. எந்த வருஷம் யார் பிடித்தார்கள் என்பதோடு, கல் எந்த மாதிரி, சாந்து எதில் செய்தது, சாரம் எப்படிக் கட்டினார்கள் என்றும் சொல்ல வேண்டும். ஓட்டையைக் காட்டி அது என்ன என்று எழுதியிருந்தால் அந்த இளைஞரும் பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்திருக்க மாட்டார்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறார்கள், கோயில் திருப்பணிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் பக்கம் என்னைப் போல இரண்டு மூன்று கிழங்கள் இருக்கிறோம். சாரம் ஏற முடியாவிட்டாலும் கீழே உட்கார்ந்து கலவையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியும். இந்த மாதிரி இடிந்த கோட்டை ஒன்றில் பத்துப் பையன்களை விட்டு, பக்கத்தில் எங்களையும் உட்கார வைத்தால் கோட்டைக்கும் வேலை நடக்கும், பையன்களுக்கும் கைவரும். எங்களுக்குப் பெரிதாகக் கூலி வேண்டாம். மத்தியானம் சோறும் நிழலும் போதும். ஆலம்பரையில் நிழல்தான் கஷ்டம். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் செக்குக் கல்லைத் தேடிப் போனேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பாதி மண்ணில் புதைந்து கிடக்கிறது, தூக்க ஆளில்லை. கிடக்கட்டும். கொஞ்சம் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிப் பழைய டிரம் ஒன்றில் நீற்றி, மேலே தண்ணீர் நிற்க விட்டேன். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் அது கெடாது, நாளாக நாளாக வெண்ணெய் மாதிரி ஆகும். கடுக்காய் ஊறப் போட்டதில் வீடே நாறுகிறது என்று மருமகள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செக்குக்குப் பதில் ஆட்டுக்கல்லில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தோம். அதற்கும் திட்டு வாங்கினோம்.

பேரன் பின்கட்டில் துளசிமாடத்துக்கு ஒரு சின்னச் சுவர் எடுத்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வரி கட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். அரை விரற்கடை வெளியே போயிருக்கிறது. பிரித்துக் கட்டு என்று சொல்லிவிட்டேன். சிமெண்டாக இருந்து இறுகியிருந்தால் கல் உடைந்து வீணாகியிருக்கும். ஈரச் சுண்ணாம்பு என்பதால் ஐந்து வரியும் ஒரு கல்கூட உடையாமல் பிரிந்து வந்தது. நாளைக்கு மறுபடி கட்டுகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர்,
மதுராந்தகம்.